முனியாண்டிக்கு வைத்த பர்பன்

1. முதல் உறிஞ்சல்

தானா ராத்தா என்கிற எங்கள் மலையூரின் ஓட்டல் பாரில் எனக்குக் கொடுத்த முதல் கிளாஸ் விஸ்கியை டீ மாதிரி உறிஞ்சினேன். அவ்வளவுதான். மூக்கு, தொண்டை, நெஞ்செல்லாம் பற்றி எரிந்தது. கவுண்டரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் கொட்ட இருமினேன்.

மேனேஜர் தோமஸ் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். "ஐயோ லெட்சுமி, மெதுவா லா! இது டீ இல்ல!"

அதற்கு முன்னால் எஸ்டேட் டீ ஃபேக்டரி டேஸ்டிங் ரூமில் வேலை செய்தவள் நான். அங்கே கரண்டியில் எடுத்து, காற்றோடு சேர்த்து 'சர்ர்'ரென்று உள்ளே இழுக்கணும். நாக்கு முழுக்கத் தெறிக்கணும். அப்புறம் துப்பணும். கொதிக்கிற டீயை அப்படி இழுத்துப் பழகிய வாய், விஸ்கியையும் இழுத்துவிட்டது. விஸ்கியின் ஆவி நேராக நெஞ்சுக்குள் போகும் என்று எனக்கு எவன் சொன்னான்?

தோமஸுக்கு சைனஸ். மலைக் குளிரில் மூக்கு அடைத்தே கிடக்கும். பாருக்கு என்ன சரக்கு வாங்கலாம் என்று பார்க்க அவருக்கு ஒரு மூக்கு தேவைப்பட்டது, எனக்கு வேலை தேவைப்பட்டது. எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் அதற்கு வேறு பேர் வைத்தார்கள். "லெட்சுமி தண்ணி போடுறா." துப்புகிறேனா விழுங்குகிறேனா என்று ஒருத்தராவது கேட்டார்களா? சீ!

2. சோளமும் ரையும்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஈப்போ டவுனிலிருந்து சரக்கு ஏஜெண்ட் ஒருவர் ஒரு பர்பன் போத்தல் கொண்டுவந்து வைத்தார். பர்பன் என்பது அமெரிக்காக்காரன் சோளத்தில் காய்ச்சுகிற விஸ்கி. இந்தப் போத்தலில் ரை என்கிற குளிர்நாட்டுத் தானியத்தை வழக்கத்தைவிட அதிகமாகப் போட்டிருந்தார்கள். விலை ஸ்காட்சைவிட ரொம்பக் குறைவு.

தோமஸ் உதட்டைப் பிதுக்கினார். "சீப் சரக்கு. கோலாவுல கலக்கத்தான் லாயக்கு."

"வாயில வைக்காமலே எப்படி சார் சொல்றீங்க? குடுங்க இங்க."

அதற்குள் நான் முறையைக் கற்றிருந்தேன். இங்கே குளிரில் விஸ்கியின் வாசம் சுருண்டு படுத்துவிடும். கிளாஸை உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றினேன். நிறம், நன்றாக இறங்கிய டீ. வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு மோந்தேன்: வெல்லப்பாகு, வனிலா, சீவிப் போட்ட மரம். உள்பக்கம் கரியாக்கிய புதுப் பீப்பாயில் கிடந்ததால் வரும் வாசம் அது. ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். முதலில் சோளத்தின் இனிப்பு. அதை உட்காரவிடாமல் ரை வந்தது: மிளகு, கிராம்பு, கடைசியில் புதினா மாதிரி ஒரு சில்லிப்பு. துப்பிய பிறகும் நாக்கோரம் சுருசுருவென்றது.

குறையும் இருந்தது. வயசு போதாத சரக்கு, அடிநாக்கில் மரக்கசப்பு. ஆனால் கொஞ்சம் தண்ணீர் விட்டால் அந்தக் கசப்பு அடங்கியது. ஐஸ் போட்டால் எல்லாம் செத்தது. ஜிஞ்சர் ஏல் என்கிற இஞ்சி சோடாவில் ஊற்றினாலும் ரையின் காரம் முங்கவில்லை.

"வாங்கலாம் சார். ஒண்ணு மட்டும். ஸ்காட்சுக்குப் பதிலுன்னு சொல்லி வைக்காதீங்க. பர்பன்னு சொல்லியே வைங்க. அது யாருக்கும் பதில் இல்ல."

தோமஸ் சிரித்தார். "நீ சரக்கப் பத்திப் பேசுறியா, உன்னப் பத்திப் பேசுறியா?"

3. கோயில் கூட்டம்

என் மகள் செல்வி காய்ச்சலில் கிடந்து பிழைத்தபோது, மூன்று வருடம் பால்குடம் எடுப்பதாக மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். இரண்டு முடிந்தது. மூன்றாவது வருடம் கோயில் கூட்டத்தில் தலைவர் ரெங்கசாமி, எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர், எல்லார் முன்னாலும் எழுந்து நின்றார்.

"தண்ணி தொடுற கை பால்குடம் தூக்கக் கூடாது. வேலைய விடு, இல்ல குடத்த விடு."

நானும் எழுந்து நின்றேன். "ரெண்டையும் விட மாட்டேன்ணே. சம்சு சாராயம் குடிச்சிட்டு லயத்துல உருளுற ஆம்பளைங்க காவடி எடுக்கலாம், நான் குடம் எடுக்கக் கூடாதா?"

"வந்து பாரு, வழி மறிப்பேன்," என்றார்.

அந்த வாரமே அதே மண்டோர் ஓட்டல் பின்வாசலில் வந்து நின்றார். அம்மன் கோயில் எல்லையில் காவலுக்கு முனியாண்டி இருக்கிறார். ஊர்வலம் அவரிடம் நின்று, சுருட்டும் போத்தலும் படைத்துவிட்டுத்தான் உள்ளே போகும். வழக்கமாக வைக்கும் பிராந்தி விலை ஏறிவிட்டதாம்.

"கம்மி விலையில நல்லதா ஒண்ணு சொல்லேன். நீதான் ருசி பாக்குறவளாச்சே."

எனக்கு வந்த சிரிப்பை எப்படி அடக்கினேனோ! "இருக்குண்ணே. நானே கொண்டாறேன்."

திருவிழா அன்று தலையில் பால்குடம். ஒரு கை குடத்தில், இன்னொரு கையில் பர்பன். முனியாண்டி முன்னால் மண்டோர் கையை விரித்து வழியை மறித்தார். மேளம் நின்றது. செல்வி என் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

போத்தலை எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டினேன். "மண்டோரண்ணே கேட்ட போத்தல் இது. நான் ருசி பாத்து எடுத்தது, இந்தக் கைதான் தொட்டுச்சு. இந்தக் கை ஆகாதுன்னா சொல்லுங்க, போத்தலயும் திருப்பிக் கொண்டுட்டுப் போறேன்."

சாமி பார்வைக்கு வந்த படையலை யார் திருப்பி அனுப்புவது? அதுவும் முனியாண்டியிடம்! மண்டோர் பூசாரியைப் பார்த்தார். பூசாரி அவரைப் பார்க்கவேயில்லை. என் கையிலிருந்து போத்தலை வாங்கி, மூடியைத் திருகி, முனியாண்டி காலடியில் கொஞ்சம் ஊற்றினார். வெல்லப்பாகு வாசம் கிளம்பியது.

"நட தாயி," என்றார்.

நடந்தேன். மண்டோர் ஒதுங்கிக்கொண்டார்.

மிச்ச போத்தலை யார் குடித்தார்கள் என்று சொல்ல வேண்டுமா? மறுநாள் மண்டோர் பாசார் சந்தையில் என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நல்லா இருந்துச்சு, ஆனா காரம் ஜாஸ்தி லா."

"காரம் அப்படித்தாண்ணே இருக்கும்," என்றேன்.

இப்போது வேலைக்குப் போகிற பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் வேலையா, உங்கள் சாமியா என்று எவனாவது கேட்டால், பதில் சொல்லி மெனக்கெடாதீர்கள். ரெண்டையும் கையில் எடுத்துக்கொண்டு அவன் முன்னாலேயே நடந்து போங்கள்.