ஈய விளக்கு எரியும் நாள்

சாவக்கா ஹொசமனியின் நெற்றியைப் பார்த்தாலே எங்கள் தார்வாட் ஆய்வகத்தில் அன்று எந்த உலோகத்தை அளக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். குங்குமம் என்றால் தாமிரமோ துத்தநாகமோ. ஸ்டிக்கர் பொட்டு என்றால் ஈயம். தான் வாங்கும் சந்தைக் குங்குமத்தில் ஈயம் கலந்திருப்பதை அவரே அளந்து பார்த்தவர்; அது உதிர்ந்து அளவைக் கெடுத்துவிடக் கூடாதே. அதை எடுத்துச் சொல்லி, ஸ்டிக்கருக்கு மாமியாரைச் சம்மதிக்கவைக்க ஒரு வருடம் ஆயிற்றாம்.

பதினெட்டு வருடமாக உலோகம் அளக்கும் கருவி அவர் பொறுப்பு. ஒவ்வொரு உலோகத்துக்கும் தனி விளக்கு. கரைசலைச் சுடரில் தெளித்து, விளக்கின் ஒளியை அதனூடே விட்டால், உலோகம் தன் பங்கை விழுங்கிக்கொள்ளும். எவ்வளவு ஒளி குறைந்ததோ அதை வைத்துத்தான் உலோகத்தின் கணக்கு. ஏரித் தண்ணீர், உதட்டுச்சாயம், கண்மை எல்லாம் சாவக்கா கையில் எண்ணாகிவிடும். அறிக்கையில் கையெழுத்து மட்டும் வேறொருவருடையது. சாவக்கா படித்தது டிப்ளமோதான்.

போன மார்ச்சில் சாவக்காவுக்கான தேர்வாகப் பெங்களூரிலிருந்து ஐந்து புட்டிகள் வந்தன. உள்ளே எவ்வளவு ஈயம் என்பது அனுப்பியவர்களுக்கு மட்டுமே தெரியும். மாலை ஐந்துக்குள் சரியாகச் சொல்லிவிட்டால் இனி சாவக்காவே கையெழுத்துப் போடலாம்.

முதலில் வெறும் அமில நீர் சுழியம் காட்ட வேண்டும். இயக்குநர் பட்டணஷெட்டி சார் ஆவல் தாங்காமல் வந்து குடுவைமேல் குனிந்து பார்த்தார். ஈயம் காட்டியது. கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்தோம், சுழியம் வந்தது. சார் திரும்ப வந்து குனிந்தார். மறுபடி ஈயம். மூன்றாவது முறையும் அவர் வந்தார், ஈயமும் வந்தது.

சாவக்கா அவர் தலையையே பார்த்தார். தீபாவளிக்கு வெள்ளையாக இருந்த முடி, வாரத்துக்கு வாரம் கறுத்துக்கொண்டே வந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்படி மெல்லக் கறுக்கவைக்கும் தைலங்கள் சிலவற்றில் ஈயம் உண்டு. தலையிலிருந்து ஒரு துணுக்கு குடுவையில் உதிர்ந்தால் போதும். ஐம்பத்தெட்டு வயது மனிதரிடம் இதை எப்படிச் சொல்வது?

"சார், பெரியவங்க பக்கத்துல நின்னா எனக்குக் கை நடுங்குது. கொஞ்சம் கதவுகிட்ட நின்னு பாருங்களேன்."

"என்னைப் பாத்துப் பயமா? பதினெட்டு வருஷமா என்னைத் திட்டுறவளாச்சே நீ."

"மனசுக்குள்ளதானே சார் திட்டினேன்."

அவர் சிரித்தபடி கதவருகே போனார். புதுக்குடுவையில் சுழியம் வந்தது. பிறகு அசையவே இல்லை. நாலரைக்கே ஐந்து எண்களையும் அனுப்பிவிட்டோம்.

மூன்று வாரம் கழித்து, ஐந்தும் சரி என்று கடிதம் வந்தது. எல்லோருக்கும் பேடா கொடுத்துவிட்டு, சாவக்கா முதல் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். மை காயும்வரை அதை மூட விடவில்லை.

சாரும் யோசித்திருக்கிறார் போல. அன்று மாலை பெயர் ஒட்டாத ஒரு தைலச் சீசாவைச் சாவக்காவின் மேசைமேல் வைத்தார்.

"யாரோ குடுத்தாங்க. இதுல ஈயம் இருக்கான்னு பாரேன்."

சாவக்கா மூடியைக்கூடத் திறக்கவில்லை.

"அன்னைக்கே மூணு தடவை பாத்துட்டேன் சார்."

திங்கட்கிழமை சார் மொட்டைத் தலையோடு வந்தார். திருப்பதி வேண்டுதல் என்றார். அன்றும் ஈய விளக்குதான் எரிந்தது. சாவக்கா கருவிக்குப் பக்கத்திலேயே அவருக்கு நாற்காலி போட்டார்.