திருப்பிச் சொல்லுங்க, டாக்டர்

ஆபரேஷன் முடிந்தவர்களை மயக்கம் தெளியும்வரை படுக்க வைத்திருக்கும் அறைக்கும், அதை ஒட்டிய வார்டுக்கும் அவள்தான் தலைமை நர்ஸ். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் கிளி சிஸ்டர் என்பார்கள். கிளி மாதிரி அழகு என்று யாரும் தப்புக்கணக்குப் போட வேண்டாம். சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல் யாரையும் விட மாட்டாள், அதனால் வந்த பெயர். டாக்டர் ஒரு மருந்தைச் சொன்னால் அவள் திருப்பிச் சொல்வாள். அவர் வாயைத் திறந்து ஆமாம் என்று சொல்லி, அங்கேயே நின்று கையெழுத்துப் போட வேண்டும். தலையாட்டினால் செல்லாது. வீட்டுக்குப் போகிற நோயாளிகளும் எந்த மாத்திரை எப்போது என்று ஒப்பித்துவிட்டுத்தான் செருப்பை மாட்ட முடியும். கடைக்குக் கிளம்பும் கணவர்கூட வாசலில் நின்று, "சோப்பு, வெங்காயம், தீப்பெட்டி. போதுமா தாயே?" என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் படியிறங்குவார்.

வேடிக்கையாகத்தான் இருக்கும். இது எங்கே ஆரம்பித்தது என்று தெரிந்தால் சிரிப்பு வராது.

கல்யாணமான புதிதில் அவள் வேறோர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். அங்கே ஒரு சர்ஜன். கைராசி டாக்டர் என்று பெயர். அவர் தொட்டால் பிழைத்துக்கொள்வார்கள் என்று ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள். ஒருநாள் காலையில் ஒரு தையல்காரருக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்துவிட்டு, யார் வீட்டு விருந்துக்கோ போய்விட்டார். அங்கிருந்து போனில், ரத்தம் உறையாமல் இருக்கும் ஊசியைத் தையல்காரருக்குப் போடச் சொன்னார்.

"இன்னிக்குத்தானே சார் ஆபரேஷன் ஆச்சு? இப்பவே போடலாமா?" என்று கேட்டாள். மறுபடியும் கேட்டாள்.

"நீ டாக்டரா, நான் டாக்டரா? போடும்மா."

போட்டாள். போனில் சொன்னதை நர்ஸ் கேஸ் ஷீட்டில் எழுதி வைப்பதும், டாக்டர் வந்து பிறகு கையெழுத்துப் போடுவதும் அங்கே தினப்படி நடக்கிற காரியம். அதில் ஒரு ஆபத்து இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை. சாயங்காலம் தையல்காரருக்கு உள்ளுக்குள் ரத்தம் கசிந்தது. கைராசி ஓடிவந்து சேர்வதற்குள் ஆள் போய்விட்டார். அவள் கேஸ் ஷீட்டை நீட்டினாள். அவர் பேனாவைத் திறந்தார். அவள் எழுதியிருந்ததைப் படித்தார். பிறகு பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார்.

விசாரணையில் அவர் குரல்கூட உயரவில்லை. "போன் பேசினது உண்மை. ஊசி போடச் சொல்லலை. அந்தப் பொண்ணு தானா போட்டுட்டா. சின்னப் பொண்ணு, பாவம்."

அந்தப் 'பாவம்' என்ற வார்த்தையை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை. வேலை போயிற்று. நர்ஸ் பதிவையும் நிறுத்தி வைத்தார்கள். முதியோர் இல்லத்தில் பெட்பேன் கழுவினாள். நாத்தனார் தன் வீட்டு விசேஷங்களுக்கு அவளைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, "ஆளைக் கொன்னவளைக் கூப்பிட்டா நல்லாவா இருக்கும்?" என்று எல்லோரிடமும் நியாயம் கேட்டாள். தையல்காரரின் மனைவி தெருவில் இவளைக் கண்டு காறித் துப்பினாள். அந்தப் பெண்மீது இவளுக்குக் கோபமில்லை. எச்சில் விழ வேண்டிய முகம் வேறு, அவ்வளவுதான். பதிவைத் திரும்ப வாங்கி, புது ஆஸ்பத்திரியில் கடைநிலையிலிருந்து ஏறி வந்தாள். தலை நரைத்தது, கோபம் நரைக்கவில்லை. அந்த ஆள் ஒருநாள் தன் கையில் சிக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே வேண்டுதல்.

சிக்கினார். குடலிறக்க ஆபரேஷனுக்கு இந்த ஆஸ்பத்திரியிலேயே வந்து சேர்ந்தார். வேண்டாதவர் நோயாளியாக வந்தால் மேலிடத்தில் சொல்லி ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது விதி. அவள் சொல்லவில்லை. மல்லாந்து கிடக்கும் அந்த முகத்தை அவளுக்குப் பார்த்தாக வேண்டும்.

பார்த்தாள். பல்செட்டு கழற்றிய வாய் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. சலைன் குழாயின் திருகு அவள் விரலுக்குப் பக்கத்தில் இருந்தது. மனசில் என்னென்னவோ ஓடியது. கையோ போர்வையைச் சரிசெய்தது, நாடி பார்த்தது, எச்சில் புரையேறாமல் தலையைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தது. இந்தப் பாழாய்ப்போன கைக்கு ஒரு தப்புகூடச் செய்யத் தெரியவில்லையே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

மயக்கம் தெளிகிறவர்கள் உளறுவார்கள். காதலி பெயர், ஒளித்துவைத்த நகை, மாமியாருக்கான வசவு, எல்லாம் அந்த அறையில் வந்து விழும். கைராசியும் ஆரம்பித்தார்.

"நான்தான் போடச் சொன்னேன்... அவ கேட்டா... ரெண்டு தடவை கேட்டா... கையெழுத்துப் போடலை நான்... தையல்காரன் பொண்டாட்டி அழறா..."

பக்கத்தில் நின்ற உதவி நர்ஸுக்கு இவள் கதை தெரியும். சட்டென்று போனை எடுத்தாள். "அக்கா, ரெக்கார்டு பண்ணிடவா? மாட்டினாருக்கா!"

அவள் உடம்பில் ஒவ்வொரு எலும்பும் பண்ணு, பண்ணு என்றது. இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை காற்றில் போய்க்கொண்டிருந்தது.

"போனை உள்ள வை."

"அக்கா!"

"மயக்கத்துல பேசறது பேஷன்டோட சொத்து. அதை வெளிய விட்டா சட்டம் நம்மளைத்தான் பிடிக்கும். செய்யாத தப்புக்கு ஒரு தடவை வீட்டுக்குப் போயிட்டேன். இந்தாளுக்காக ஒரு தப்பைச் செஞ்சுட்டு இன்னொரு தடவை போகணுமா? நீ எதுவும் கேக்கலை. திருப்பிச் சொல்லு."

"நான் எதுவும் கேக்கலை," என்றாள் உதவி நர்ஸ், அழாத குறையாக.

நன்றாக விழிப்பு வந்ததும் அவர் முதலில் பார்த்தது இவள் முகத்தை. அடையாளம் தெரிந்துவிட்டது. வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நான்... ஏதாவது பேசினேனா?"

"பேசினீங்க."

"என்ன பேசினேன்?"

"பேஷன்ட் இங்க பேசறதை நான் யாருக்கும் சொல்றதில்ல டாக்டர்."

"நான்தானம்மா பேஷன்ட்!"

"அப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே."

அன்றைக்கு அவர் மூன்று முறை மணியடித்துத் தண்ணீர் கேட்டார். ஒவ்வொரு முறையும் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். தண்ணீரைக் குடிக்காமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் அவர் மனைவியும் மகனும் வந்திருந்தார்கள். மகனும் டாக்டர். அப்பா மாதிரியே சர்ஜன் ஆகப் படித்துக்கொண்டிருப்பவன், அப்பா என்றால் உயிர். அவள் வழக்கம்போல ஒவ்வொன்றாகச் சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்தாள். காயத்தில் தண்ணீர் படக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. ஒழுங்காக ஒப்பித்தார்.

"இதயத்துக்காகச் சாப்பிடற மாத்திரை, ரத்தம் உறையாம இருக்கிறது, அதை ஆபரேஷனுக்காக நிறுத்தியிருக்கு. மறுபடி எப்ப ஆரம்பிக்கணும்?"

"எனக்குத் தெரியாதா சிஸ்டர்? நானே டாக்டர்."

"இங்க நீங்க பேஷன்ட். திருப்பிச் சொல்லுங்க, டாக்டர்."

மகன் சிரித்தான். "சொல்லுங்கப்பா. என்னை எத்தனை தடவை பாடம் ஒப்பிக்க வெச்சிருப்பீங்க!"

"டாக்டர் சொன்னதுக்கு அப்புறம்."

"போன்ல சொன்னா?"

அவர் முகம் வெளுத்தது. "போன்ல சொன்னா போதாது. எழுதி, கையெழுத்தோட வாங்கணும்."

"ஏன்?"

இந்த 'ஏன்' அவள் வழக்கமாகக் கேட்பதில்லை. அன்றைக்குக் கேட்டாள். அவர் போர்வையின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

"பதில் சொல்லுங்களேன், வண்டி காத்துட்டு இருக்கு," என்றாள் மனைவி.

"போன்ல சொன்ன டாக்டர்... ஏதாவது ஆயிட்டா... நான் சொல்லவே இல்லைன்னு சொல்லிடலாம்."

"கொஞ்சம் சத்தமா."

அவர் இன்னொரு முறை சொன்னார். மகன் பக்கம் திரும்பவில்லை.

மகனுக்குச் சிரிப்பு நின்றுபோனது. "அப்படிக்கூடப் பண்ணுவாங்களா சிஸ்டர்? எந்த டாக்டர் பண்ணுவாங்க?"

"எனக்கு என்ன தெரியும் தம்பி, நான் நர்ஸ். அப்பாவைக் கேளுங்க. அனுபவஸ்தர்."

ஒரு ரகசியத்தையும் அவள் வெளியே விடவில்லை. விதிப்படி சுத்தம். மனசு சுத்தமா என்று கேட்டால், இல்லை. அதைப் பற்றி அவளுக்குத் துளிக் கவலையும் இல்லை.

சக்கர நாற்காலியை மகனே தள்ளிக்கொண்டு போனான். அவள் அறை வாசலில் வந்து நின்றாள். "எந்த டாக்டர்ப்பா அது?" என்று அவன் குனிந்து கேட்பது கேட்டது. மறுபடியும் கேட்டான். லிஃப்டுக்குப் பக்கத்தில் அவர் கையை உயர்த்தி நாற்காலியை நிறுத்தச் சொன்னார். மெதுவாக ஏதோ பேசத் தொடங்கினார். என்ன பேசினார் என்பது இங்கே கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. மகனின் கை நாற்காலியின் கைப்பிடியிலிருந்து விலகியது.

லிஃப்ட் வந்து திறந்தது. யாரும் ஏறவில்லை. அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.