தோத்காவின் சந்தேகம்

தோத்கா பால்மானியைக் கேனுக்குள் விடுவதற்கு முன் நம் முகத்தைத்தான் பார்க்கிறாள். "கண்ணச் சிமிட்டாத. தண்ணி ஊத்துனவங்கதான் சிமிட்டுவாங்க" என்கிறாள். எங்கள் ஊர்ப் பால் நிலையத்தில் இருபத்தாறு வருடமாக இதே வேலை. என் இரண்டு எருமைகளையும் கன்றிலிருந்தே அவளுக்குத் தெரியும். இருந்தும் என் கேனை மோந்து பார்க்காமல் விட்டதில்லை.

ரொட்டி வாங்கினால் அடியைத் தட்டிப் பார்ப்பாள். மருத்துவர் மாத்திரை எழுதினால், "இத நீங்க சாப்பிடுவீங்களா?" என்பாள். வானொலியில் வெயில் என்று சொன்னால் குடை எடுத்துக்கொள்வாள்.

கடவுளை மட்டும் சோதிக்காமல் விட்டுவைத்திருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன், வைக்கோல் ஏற்றி வந்த டிராக்டர் சரிவில் கவிழ்ந்து அவளுடைய ஒரே மகன் ஓக்னியன் இறந்தான். ஓட்டியவன் அவன் நண்பன் லாசர். ஒரு கீறலோடு எழுந்து வந்தான். அன்றிலிருந்து கடவுள்மீதும் சந்தேகம்.

ஆனாலும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வந்தாள். மெழுகுவர்த்தி ஏற்றுவதில்லை, சிலுவை போட்டுக்கொள்வதில்லை. தூணோரம் நின்று பீடத்தையே முறைப்பாள். பாதிரியார் மெத்தோடி ஒருநாள், "நம்பிக்கை திரும்பிருச்சா தோத்கா?" என்று கேட்டார்.

"எங்க சாமி திரும்புது? ஆனா இந்தச் சண்டைய வேற யார்கிட்டப் போய்ப் போடறது? எம்புள்ளைய அவரு நல்லா வச்சிருக்காரான்னு யாராவது வந்து பாக்கணுமில்ல?"

அவர் பதில் சொல்லவில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது. "ஆறுதல் சொல்லியிருந்தா அந்தாளையும் சந்தேகப்பட்டிருப்பேன்" என்றாள் என்னிடம்.

இந்த வருடம், ஈஸ்டருக்கு முன் வரும் பெருநோன்பு தொடங்குவதற்கு முந்தின மன்னிப்பு ஞாயிறு. சின்னவர்கள் பெரியவர்களின் கையை முத்தமிட்டு "மன்னிச்சிருங்க" என்பதும், அவர்கள் "கடவுள் மன்னிப்பார்" என்பதும் வழக்கம். இரண்டு வருடமாகக் கோயிலுக்குள்ளேயே வராத லாசர் உள்ளே வந்து அவள் முன்னால் நின்றான்.

"தோத்கா அத்தை... மன்னிச்சிருங்க."

"யாரு அனுப்புனா? உங்கம்மாவா, பாதிரியாரா?"

"யாருமில்ல அத்தை. போன வருஷமே வாசல் வரைக்கும் வந்தேன். பயந்துக்கிட்டுத் திரும்பிட்டேன்."

"அன்னிக்கிக் குடிச்சிருந்தியா?" இதை அவள் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை.

"இல்ல. ஓக்னியன் பாடிக்கிட்டு வந்தான். சிரிச்சுக்கிட்டே அவனத் திரும்பிப் பாத்தேன். அவ்வளவுதான் அத்தை."

"பாடினானா?"

"ஆமா. தப்புத் தப்பா."

"அவனுக்கு எந்தக் காலத்துல ராகம் வந்துச்சு" என்றாள். பிறகு, "என்னால ஆகலடா லாசர். பொய் சொல்ல மாட்டேன். கடவுள் மன்னிப்பார். அந்த வேலையையாவது அவரு சரியாச் செய்யட்டும், அவர்கிட்டயே விட்டுட்டேன்" என்றாள்.

லாசர் குனிந்தபடியே நின்றான். அவனுடைய கோட்டுக் காலர் உள்பக்கமாக மடங்கிக் கிடந்தது. தோத்கா அதை வெளியே இழுத்து, தோளில் ஒட்டியிருந்த பனித்தூளைத் தட்டி, மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள்.