பதில் வராத குலவை

1. இரைச்சல்

சென்னையில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், என் கையில் பஞ்சையும் ஸ்பிரிட் பாட்டிலையும் கொடுத்தார்கள். டேப் மெஷினின் ஹெட்டைத் துடைக்க வேண்டும். பாட்டைப் பற்றி என்னிடம் யாரும் பேசவில்லை. டேப்பில் எப்போதும் ‘ஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டிருக்கும். அதைக் குறைக்கத்தான் நாங்கள் மாடாய் உழைத்தோம்.

இப்போது போடியில், ஒரு ஏலக்காய்க் கடையின் மாடியில் கம்ப்யூட்டரில் மிக்ஸிங் செய்கிறேன். பழைய டேப்பின் குணத்தை அப்படியே கொண்டுவருகிற பிளகின்கள், அதாவது சின்னச் சின்ன மென்பொருள்கள், வந்துவிட்டன. அதில் இரைச்சலைக் கூட்டுவதற்கென்றே ஒரு குமிழ் வேறு. நாங்கள் ஒழிக்க முடியாமல் தவித்ததை இளையவர்கள் தேடிப்பிடித்துப் போடுகிறார்கள். சிரிக்காமல் என்ன செய்வது?

ஆனாலும் நல்ல சாமான், குறை சொல்ல மாட்டேன். சத்தம் உரக்க வரும்போது டேப் அதை அமுக்கி வாங்கிக்கொள்ளும். கூர் மழுங்கும், அடிச்சத்தம் கனக்கும், தனித்தனியாக நின்ற வாத்தியங்கள் ஒன்றோடொன்று ஒட்டும். “அக்கா, எதெதுக்கு இதைப் போடலாம்?” என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் பஞ்சவர்ணத்தின் பாட்டைப் பற்றிச் சொல்வேன்.

2. முளைப்பாரிப் பாட்டு

முக்கையா ஜீப்பு ஓட்டுகிறவர். காலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறுவார். அவர் மனைவி பஞ்சவர்ணமும் அதே ஜீப்பில் வேலைக்குப் போகிறவள்தான். அவர்கள் தெரு அம்மன் பொங்கலில் முளைப்பாரி எடுக்கும்போது முதல் பாட்டும் முதல் குலவையும் அவளுடையது. ஒருத்தி குலவை போட்டால் காதில் விழுந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்து போட வேண்டும். தனிக் குலவையாக விடக்கூடாது. அது எங்கள் பக்கத்து முறை.

இருவரும் சேர்ந்து ஒருநாள் மாடியேறி வந்தார்கள். அவள் கழுத்தில் கட்டி.

“ஆப்ரேசனுக்கு நாள் குறிச்சிட்டாகக்கா. குரலு முன்ன மாதிரி வரும்னு உறுதி சொல்ல முடியாதுன்னுட்டாரு டாக்டரு. அதுக்கு முன்னாடி வெரசா பாடி வச்சிரணும்” என்றார் முக்கையா.

பஞ்சவர்ணம் குறுக்கிட்டாள். “பாட்டு கெடக்கட்டும். பொங்கலன்னைக்கு நான் வாயத் தெறக்க முடியலைன்னாலும், ரேடியோசெட்டுக் கொழாயில என் கொலவையக் கேட்டு பொம்பளைக எல்லாரும் சேந்து போடணும். எனக்கு அது போதும்க்கா.”

மைக்கை விட்டுத் தள்ளி நிற்க வைத்துப் பதிவு செய்தேன். ஒரே டேக்கில் பாடி முடித்தாள். அந்தக் குலவையின்போது என் உடம்பு சிலிர்த்தது நிஜம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பயப்படும்படியான கட்டி இல்லை. ஆனால் குரல் காற்றாகிவிட்டது. இனி இன்னொரு டேக் எடுக்க வழியில்லை. கையில் இருக்கிற அந்த ஒன்றுதான்.

“பழைய கேசட்டு மாதிரி கும்முன்னு இருக்கணும்க்கா” என்று முக்கையா கேட்டிருந்தார். எனக்கோ கரும்பு தின்னக் கூலி. பின்னால் வாசித்துச் சேர்த்த உறுமிக்கு டேப் பிளகின், தவிலுக்கு டேப், குரலுக்கு டேப், கடைசியில் மொத்தப் பாட்டுக்கும் டேப். குலவை மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. அதற்கு இன்னும் கொஞ்சம் கூட்டினேன், அடங்கியது. முக்கையா கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நானும் என்னை மெச்சிக்கொண்டேன்.

3. ஜீப்பில் போட்டுப் பார்த்தது

ஸ்டுடியோவில் நன்றாக இருப்பதை நான் நம்புவதில்லை. வெளியில் ஒரு முறையாவது போட்டுக் கேட்பேன். அப்படித்தான் முக்கையாவின் ஜீப்பில் ஏறினேன். பஞ்சவர்ணத்துக்கு இன்னும் ஓய்வுதான், பாட்டைக் கேட்பதற்காகவே வந்திருந்தாள். முன்சீட்டில் எனக்குப் பக்கத்தில், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் தோட்டத்துக்குப் போகும் பெண்கள்.

முதல் வளைவு தாண்டியதும் முக்கையா பாட்டைப் போட்டார். பின்னால் பேச்சு நின்றது. ஒருத்தி தாளத்துக்குக் கை தட்டினாள். குலவை வந்தது, போனது. ஒரு வாய்கூடத் திறக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் செல்லத்தாய் என்பவள் தலையை முன்னால் நீட்டினாள். பாதி நாள் மலையாளத்துக்காரர்களோடு வேலை செய்கிறவள். “கொள்ளாம், நல்லாருக்கு பஞ்சு! சினிமாப் பாட்டு கணக்கா இருக்கு.”

“கொலவைக்கு யாரும் சேந்து போடலையே?” என்று கேட்டேன்.

“கொலவையா? அது எங்க வந்துச்சுக்கா?”

ஜீப்பே சிரித்தது. பஞ்சவர்ணம் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, காற்றுக் குரலில், “ஒருத்திகூடப் போடலையேக்கா” என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. துருத்திக்கொண்டு நிற்பதுதான் குலவையின் வேலை. நான் அதைத்தான் மெனக்கெட்டு அடக்கி வைத்திருக்கிறேன்.

4. பொங்கலன்று

திரும்பி வந்ததும் அவள் குரலின் மேலிருந்த டேப்பை எடுத்தேன். மொத்தப் பாட்டின் மேலிருந்ததையும் எடுத்தேன். உறுமிக்கும் தவிலுக்கும் மட்டும் விட்டுவைத்தேன். அவை அமுங்கினால் குலவைக்கு இடம் கிடைக்கும். குலவை வரும் இடத்தில் சத்தத்தின் அளவைக் காட்டும் மீட்டர் சிவப்பைத் தொட்டுவிட்டு வந்தது. மிக்ஸிங் சொல்லித் தருகிற யாரும் இதற்குப் பாஸ் மார்க் போட மாட்டார்கள். முக்கையா முகத்தைச் சுளித்தார். “காதைக் குத்துதேக்கா?”

“குத்தட்டும்” என்றேன்.

மாற்றிய பாட்டைக் கேட்க பஞ்சவர்ணம் வரவில்லை. “இனி ஆத்தா முன்னாடியே கேட்டுக்கிறேன்” என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

பொங்கலன்று கோயில் வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். பெண்கள் முளைப்பாரியைத் தலையில் ஏற்றியதும் பாட்டைப் போட்டார்கள். நான் கூட்டத்தின் ஓரத்தில் நின்றேன்.

குலவை கிளம்பியது. ஒரு கணம் ஸ்பீக்கர் மட்டும்தான் கத்தியது. பிறகு எனக்குப் பின்னாலிருந்து ஒருத்தி, அப்புறம் வரிசை முழுவதும். டீக்கடைப் பக்கம் நின்றவர்கள், மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். ஸ்பீக்கரில் குலவை முடிந்த பிறகும் தெருவில் முடியவில்லை. பஞ்சவர்ணம் முளைப்பாரியைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து நாக்கைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். சத்தம் வரவில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

எனக்குக் குலவை போடத் தெரியாது. இருந்தும் போட்டேன். “என்னக்கா இது, குக்கரு விசிலு மாதிரி!” என்றாள் செல்லத்தாய்.

டேப் பிளகினை இன்றும் தினமும் பயன்படுத்துகிறேன். கேட்டு ரசிப்பதற்கான சத்தத்துக்கு அதைத் தாராளமாகப் போடலாம். யாரோ ஒருவர் பதில் கொடுக்க வேண்டிய சத்தமென்றால், அதன் கூரில் கை வைக்காதீர்கள்.