மணவறையில் இரண்டு மணி நேரம்

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் நான் ஐயரிடம் கேட்ட முதல் கேள்வி, பெண்ணின் அப்பா மணவறையில் எவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்பதுதான். இரண்டு மணி நேரம் ஆகும் என்றார். நடுவில் எழுந்திருக்கலாமா என்று கேட்டேன். எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்று திருப்பிக் கேட்டார். அப்போது என்னால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. இதை ஐயரிடம் சொல்லவில்லை. மனைவியிடமே சொல்லவில்லை.

இருபத்தெட்டு வருடமாக டாக்ஸி ஓட்டுகிறேன். இந்த ஊரில் எந்தக் காப்பிக்கடைக் கழிவறையில் தாழ்ப்பாள் சரியில்லை என்பது வரை எனக்கு அத்துப்படி. ஊர்க்கோடியில் கிராஞ்சிப் பக்கம் சவாரி அமைந்தால் மட்டும் கஷ்டம். அங்கே பண்ணைகளும் நாற்றுத் தோட்டங்களும் உண்டு, கழிவறைக்குத்தான் வழியில்லை. ஆகவே தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டேன். உள்ளே போகாதது வெளியே வராது என்பது என் கணக்கு. களைப்புக்குக் காலையிலிருந்து ஆறு கப் தே, அதாவது பால் டீ, குடிப்பேன். அதைத் தண்ணீர்க் கணக்கில் நான் சேர்த்ததில்லை.

மண்டபம் பேசப் போகும் நாளில், "ரெஜிஸ்டர் மட்டும் பண்ணாப் போதாதா?" என்றேன்.

"உங்களுக்கு அவரைப் பிடிக்கலையாப்பா?" என்றாள் மகள்.

"பிடிக்காம என்ன," என்றேன். அந்த நேரம் பார்த்து அடிவயிறு முட்டிக்கொண்டிருந்தது. அதைச் சொன்னபோது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கே தெரியும். அதன்பின் இரண்டு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. மாப்பிள்ளை தங்கமான பையன். என் முகத்தைப் பார்த்தாலே எழுந்து நிற்க ஆரம்பித்துவிட்டான்.

மூன்றாவது வாரம் முகூர்த்தப் புடவை எடுக்க அவளை லிட்டில் இந்தியாவுக்கு அழைத்துப் போனேன். மாப்பிள்ளையின் அம்மா கடையில் காத்திருந்தார். தெம்பனிஸிலிருந்து கிளம்பி ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினேன். பிறகு ஒரு காப்பிக்கடையில் நிறுத்தினேன். சிராங்கூன் சாலைக்குள் திரும்புவதற்குள் இன்னொரு இடத்தில் ஓரம் கட்டியபோது அவள் கண் கலங்கிவிட்டது.

"அவங்க முகத்தைப் பார்க்கவே பிடிக்கலைன்னா சொல்லிடுங்கப்பா. வழியெல்லாம் ஏன் நிறுத்துறீங்க?"

"பிடிக்கலைன்னு இல்லம்மா. அடக்க முடியல."

"எதை?"

"ஒண்ணுக்கு."

இப்படி ஒரு வார்த்தையை மகளிடம் சொல்வேன் என்று நான் நினைத்ததில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "டூ வீக்ஸ் அழுதேன்பா. முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா," என்றாள். மறுநாளே மருத்துவமனையில் எனக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டுவிட்டாள்.

அங்கே தாதி தமிழ்ப் பெண். நான் ஆங்கிலத்தில் தடுமாறுவதைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார்.

"தண்ணி குடிக்கிற பழக்கம் எப்படிண்ணே?"

"தொடுறதே இல்லம்மா."

"தொடுறதே இல்லையா?"

"கல்யாணம் கருமாதின்னு போனாக்கூட தொட்டதில்ல. எங்கப்பா குடிச்சே அழிஞ்சாரு. அதைப் பார்த்து வளர்ந்தவன் நான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அண்ணே, நான் பச்சத் தண்ணியக் கேட்டேன்."

சற்று யோசித்தேன். "அதையும் தொடுறதில்ல," என்றேன்.

ரத்தச் சோதனையில் பயப்பட ஒன்றுமில்லை. புராஸ்டேட் வீங்கியிருக்கிறது, வயதானால் அது அப்படித்தான் என்றார் டாக்டர். மற்றதெல்லாம் என் கைங்கரியம். தண்ணீர் இல்லாமல் சிறுநீர் கெட்டியாகிப் பையை அரித்துக்கொண்டிருந்தது. தே அதை இன்னும் விரட்டியது. ஏசிக் காற்றுக்கு மூக்கடைத்தால் நானாக வாங்கிப் போடும் சளி மாத்திரை, பாதையை மேலும் இறுக்கியது. மலச்சிக்கல் பக்கத்திலிருந்து நெருக்கியது. வருடக்கணக்கில் அடக்கி அடக்கிப் பையும் சலித்துப் போயிருந்தது. ஒழுங்காக இருந்த ஒரு உறுப்பை இவ்வளவு பாடுபட்டுக் கெடுத்திருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது.

மாத்திரை கொடுத்தார்கள். தேயை இரண்டு கப்பாகக் குறைத்தேன். காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்தேன். காற்றுப் பிரிவதை நிறுத்துவதுபோல் இடுப்புக்குக் கீழுள்ள தசையை இறுக்கி விடச் சொல்லி ஒரு பயிற்சியும் கொடுத்தார்கள். சிவப்பு விளக்கு விழும் இடமெல்லாம் அதைச் செய்தேன். பின்சீட்டில் இருந்த ஒரு அம்மா, கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து, ஊரில் ஏதாவது துக்கமா என்று விசாரித்தார். கல்யாணத்துக்கு முந்தைய வாரம் ஒன்றரை மணி நேரம் தாங்கியது. மீதி அரை மணிக்குக் கடவுளை நம்பினேன்.

மணவறையில் எல்லாம் நன்றாகத்தான் போனது. தாரை வார்க்கும் கட்டம் வந்தது. மாப்பிள்ளையின் உள்ளங்கையில் மகளின் கையை வைத்து நான் பிடித்துக்கொள்ள வேண்டும். மனைவி மேலிருந்து நீர் வார்க்க வேண்டும். மூன்று மாதமாக எல்லாவற்றையும் யோசித்தவன் இந்த நீரை யோசிக்கவில்லை. ஐயர் குடத்திலிருந்து செம்புக்குத் தண்ணீரைச் சாய்த்தார். அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது. அதன்பின் மந்திரம் எதுவும் விழவில்லை.

மகள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "போய்ட்டு வாங்கப்பா," என்றாள் மெல்ல.

"முகூர்த்தம் போயிடும்மா."

"போங்கப்பா." பிறகு ஐயரிடம் சத்தமாகவே சொன்னாள்: "எங்கப்பா வரட்டும். அவர்தான் கொடுக்கணும்."

பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்டபத்தின் நடுவே நடந்தேன். முன்வரிசையில் ஒருவர், "பாவம், பொண்ணைக் கொடுக்கிறப்ப தாங்க முடியல அவருக்கு," என்றார். தாங்க முடியாதது உண்மைதான்.

கையை இரண்டு முறை கழுவிக்கொண்டு வந்தேன். மேளம் நின்றிருந்தது. மகள் நீட்டிய கையை எடுக்கவேயில்லை. நான் விட்டுப் போன இடத்திலேயே இருந்தது. ஈரக் கையால் அதைப் பிடித்தேன். இப்போது எனக்கு எந்த அவசரமும் இல்லை. மனைவி செம்பைச் சாய்த்துப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தாள். 'ம்' என்று சொன்னால் போதும். எனக்கு மனசு வரவில்லை.