வெள்ளைக் கோட்டின் மேல் நடந்தவள்

மெர்சியின் செருப்பை ஒளித்தது நான்தான். விளையாட்டுக்கு அல்ல... அவள் கால் வெந்துபோக வேண்டும் என்று நினைத்தே ஒளித்தேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் இருவரும் வேலை பார்த்தோம். மெர்சிக்கு அச்சில் வார்த்ததுபோல், மாதிரி ஷூக்கள் தைக்கும் அதே முப்பத்தேழாம் அளவுப் பாதம். வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் புது மாடலைப் போட்டு நடந்து காட்ட அவளைத்தான் ஏசி அறைக்குக் கூப்பிடுவார்கள். எங்கே இறுக்குகிறது என்று அவள் சொல்ல, அந்தத் துரைமார் குறித்துக்கொள்வார்கள்! எனக்கும் அதே அளவுதான். என்னை ஒருவரும் கூப்பிட்டதில்லை. மெஷின் முன் குனிந்தபடி எப்படிப் புழுங்கினேன் தெரியுமா உங்களுக்கு?

அந்தச் சனிக்கிழமை நடந்து காட்டியதும் அவளை நிரந்தரமாகவே மாதிரிப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள் என்று பேச்சு.

முந்தைய நாள் புனித வெள்ளி. எங்கள் ஆலயத்தில் செருப்பை வாசலில் விட்டுத்தான் உள்ளே போவோம். ஏசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் அழுதேன். ஆராதனை முடியும் முன் நழுவி வந்து, அவள் செருப்பை என் பைக்குள் திணித்தேன். இப்படியும் ஒருத்தி இருப்பாளா? இருந்தேனே!

"இன்னாடி, என் செருப்பக் காணோம்?"

"எவளாவது மாத்திப் போட்டுனு போயிருப்பா. என்னுத வேணா போட்டுக்கோ."

"வேணாம்டி. எனக்காக நீ எதுக்கு சுட்டுக்கணும்? வா, பஸ்ஸுக்கு நேரமாவுது."

வேண்டாம் என்பாள் என்று தெரிந்துதான் சொன்னேன்.

பஸ் நிறுத்தம் வரை மரமில்லை, கடையில்லை. நடைபாதையின் சிமெண்ட் கல் மதிய வெயிலில் தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. தார் இளகி என் செருப்பையே பிடித்து இழுத்தது. மெர்சி கல்லில் ஓடினாள், தாங்காமல் தாரில் இறங்கினாள், தார் பாதத்தில் அப்பிக்கொண்டது. சாலையோர வெள்ளைக் கோட்டில் சூடு கம்மி என்று கண்டு அதன்மேல் நுனிக்காலில் நடந்தாள். பாதி தூரத்தில் கோடு அழிந்திருந்தது... "ஏசப்பா!" என்று சிரித்தாள். கண்ணில் நீர். செருப்போ என் தோளில் தொங்கிய பையில்! எடுத்துக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? நான் அவள் குதிகாலையே பார்த்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

மாலையில் அந்தச் செருப்பைப் பாலாற்று முட்புதரில் எறிந்தேன்.

மறுநாள் உள்ளங்கால் முழுதும் கொப்புளம். துணி சுற்றிக்கொண்டு நொண்டி வந்தவள் சூப்பர்வைசரிடம் சொன்னாள்: "சார், நம்ம சலோமிக்கும் இதே அளவுதான் சார். அவளக் கூப்புடுங்க."

என் பெயரைச் சொன்னது அவள்தான்!

அந்த இடம் இப்போது எனக்கு. கால் ஆறிய பிறகும் மெர்சி தையலிலேயே இருக்கிறாள். மதியம் சாப்பிடும்போது, "இன்னிக்கு இன்னா மாடல்டி? கலர் இன்னா?" என்று ஆசையாகக் கேட்கிறாள். அவள் முகத்தில் பொறாமை தெரிகிறதா என்று தினமும் தேடுகிறேன். துளி இருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருக்கும்.

இல்லை... அந்த மனசையும் அவளுக்கே கொடுத்திருக்கிறாரே ஆண்டவர் என்று, இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.