பின்னேர நோயும் காலைக் கிளினிக்கும்

விசுவமடுவில் மாதர் சங்கத் தலைவி பவளராணி பின்னேரமானால் குடிக்கிறார் என்று கதை. கசிப்புச் சாராயத்துக்கு எதிராகக் கையெழுத்துச் சேர்த்தவர் குடிக்கிறார் என்றால் ஊருக்கு எவ்வளவு சந்தோசம்! சங்கம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியும்விட்டது. விசாரிக்க அவர் வீட்டுக்குப் போனேன். மதியம் மணிமணியாகப் பேசியவருக்கு நாலு மணிக்கு இமை சரிந்தது, நாக்கும் குழறியது. இடையில் குடித்தது வெறும் தேத்தண்ணி.

"டொக்டரிட்டக் காட்டேல்லையோ அக்கா?"

"மூண்டு வருசமாக் காட்டுறன் தம்பி. கிளினிக் காலமை. காலமை எனக்கு ஒண்டுமில்லை. யோசினையைக் குறைச்சு நித்திரை கொள்ளுங்கோ எண்டு அனுப்பிவிடினம்."

நோய் நேரத்துக்கு வராதது நோயாளியின் குற்றம்தானே!

மறுகிழமை அவரின் மகள் தாயின் பின்னேரக் கோலத்தைப் போனில் படம்பிடித்துக் கிளினிக்கில் காட்டினாள். அதன் பிறகுதான், வேலை செய்யச் செய்யத் தசை சோரும் மயஸ்தீனியா என்ற அரிய நோய் பிடிபட்டது. இப்போது மருந்துக் குளிசையில் நன்றாக இருக்கிறார்.

நீக்கியதற்கு என்ன பதில் என்று புதிய தலைவியிடம் பவளராணி கேட்டார்.

"இப்ப சுகம்தானே அக்கா, பிறகேன் பழசைக் கிளறுவான்?"

சங்கத்தின் கூட்டக் குறிப்பில் பவளராணி இன்னமும் குடித்துக்கொண்டிருக்கிறார். அவருக்குச் சேரவேண்டிய ஒரு மன்னிப்பு அப்படியே பாக்கி.